எண் சொன்னால்தான் வலியா?

ரிப்போர்ட் பொய் சொல்லாது என்பார்கள். சரி. ஆனால், அது சொல்லாததையும் சொன்னதாக நாமே எடுத்துக்கொள்கிறோமே, அதற்கு என்ன செய்வது?

ஒரு வீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு ரத்தப் பரிசோதனை. ஜி.ஜி.டி. என்ற என்சைம் எகிறியிருக்கிறது. யாரோ சொல்லிவிடுகிறார்கள், "குடிச்சா அது ஏறும்." அவ்வளவுதான். மனிதர் காபியைத் தவிர எதையும் தொட்டதில்லை. சத்தியம் செய்கிறார். "பேப்பர்லயே போட்டிருக்கே!" என்கிறது வீடு. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தாலும் அது ஏறும், சர்க்கரை நோயிலும் ஏறும், வலிப்புக்குச் சாப்பிடும் பெனிடோயின் மாத்திரையாலும் ஏறும் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை.

அதே வீட்டில் மருமகளுக்கு மூன்று வருஷமாக இடுப்பு வலி, தொடை வலி. படியேற முடியவில்லை. "நாங்கள்லாம் கிணத்துல தண்ணி இறைச்சவங்க" என்று மாமியாரிடமிருந்து பதில் வரும். ஒருநாள் அல்கலைன் பாஸ்படேஸ் இரண்டு மடங்கு, வைட்டமின் டி அதல பாதாளம், எலும்பு மென்மையாகிவிட்டது என்று தெரிகிறது. அன்று முதல் ராஜ மரியாதை! மூன்று வருஷம் வாய் சொன்னது எடுபடவில்லை. ஒரு வரி அச்சில் வந்ததும் வலி நிஜமாகிவிட்டது.

ஒருவரை நம்ப மறுத்தது எண்ணால். இன்னொருவரை நம்ப எண் தேவைப்பட்டது. இது நியாயமா?

நான் பி.காம். படித்தவன். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லையென்றால் எங்கோ தப்பு என்று தெரியும். எந்த லெட்ஜரில் என்று தெரியாது. அதற்காக கேஷியரைத் திருடன் என்று அங்கேயே பிடித்துக் கொடுப்பதில்லை. அல்கலைன் பாஸ்படேஸும் அப்படித்தான். 1923-ல் லண்டன் லிஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ராபர்ட் ராபிசன் இதை எலும்பில் கண்டார். சில வருஷங்களிலேயே, பித்தநாளம் அடைத்த காமாலையிலும் இது ரத்தத்தில் ஏறுவது தெரிந்துபோனது. எலும்பா, கல்லீரலா? அதைப் பிரித்துப் பார்க்கத்தான் ஜி.ஜி.டி. கைகொடுக்கிறது. அது எலும்பிலிருந்து வருவதில்லை. இரண்டும் சேர்ந்து ஏறினால் கல்லீரல் பக்கம் பார்ப்பார்கள். வளர்கிற பிள்ளைகளுக்கோ அல்கலைன் பாஸ்படேஸ் பெரியவர்களைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும். நோயே கிடையாது!

'நார்மல்' என்று அச்சடித்திருக்கிறார்களே, அது பொதுவாக ஆரோக்கியமான 100 பேரில் நடுவிலுள்ள 95 பேரின் எல்லை. மீதி 5 பேர் நன்றாக இருந்துகொண்டே வெளியில் நிற்கிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒன்றாவது எல்லை தாண்ட 64 சதவீத வாய்ப்பு. பேக்கேஜ் போட்டுப் பார்த்துக்கொள்கிறவர்கள் கவனிக்க.

டேலி ஆனால் கணக்கு சுத்தம் என்றும் அர்த்தமில்லை. வயதான பெண்களுக்கு எலும்பு அரித்துப் போகிற ஆஸ்டியோபொரோசிஸில் இந்த என்சைம் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். 'எல்லாம் நல்லா இருக்கு, மனசுதான் காரணம்' என்று பாட்டியை அனுப்பிவிடுவது எவ்வளவு சுலபம்!

"மனுஷன் பொய் சொல்றானே சார்?" என்பீர்கள். சொல்கிறார்தான். குடிக்கிறவர்கள் அளவைக் குறைத்துத்தான் சொல்கிறார்கள். அதை நம்பி வைத்தியம் செய்தால் ஆபத்து அவருக்குத்தான். எண் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், அது அடுத்த கேள்வியைக் கேட்கத்தான். தீர்ப்பு எழுத அல்ல. அந்தக் கேள்வியும் யார் முன்னால் கேட்கப்படுகிறது என்று பாருங்கள். இடப்பக்கம் மனைவி, வலப்பக்கம் மச்சினன், நடுவில் நோயாளி. "குடிப்பீங்களா?" அந்த இடத்தில் எவன் ஆமாம் என்பான்? விவரம் தெரிந்த டாக்டர் என்றால், "நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா" என்று கதவைச் சாத்திவிட்டு, அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்பார்.