சடத்தினின்றும் உயிர் தோன்றுமோ?

உயிரில்லாத பொருளினின்றும் உயிர் தோன்றுதல் கூடுமோ என்னும் வினா மேனாட்டு அறிஞர்களால் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டு வருகின்றது. விஞ்ஞானம் கற்கும் மாணவனொருவன் சைவ ஆசிரியரை நோக்கி, "உயிர் சடப்பொருளிலே தானே உண்டாயிற்றென்றால் கடவுள் எதற்கு?" என்று வினவுவானாயின், அவனுக்கு யாது விடை கூறுவது? அதனைச் சிறிது ஆராய்வாம்.

அழுகிய இறைச்சியிலே புழுக்கள் தாமே பிறக்கின்றன என்று மேனாட்டார் பலர் நம்பியிருந்தனர். இத்தாலிய அறிஞராகிய ரெடி என்பவர் 1668ஆம் ஆண்டிலே, இறைச்சியிட்ட பாத்திரங்களுட் சிலவற்றைத் திறந்தும் சிலவற்றை மெல்லிய துணியால் மூடியும் வைத்தார். திறந்தவற்றில் ஈக்கள் முட்டையிடப் புழுக்கள் உண்டாயின. மூடிய இறைச்சியில் உண்டாகவில்லை. பின்னர் இவ்வழக்கு நுண்ணுயிர்களைப் பற்றி எழுந்தது. பிரான்சு தேசத்துப் பாஸ்டர் என்பவர் 1859ஆம் ஆண்டு தொடங்கிச் செய்த சோதனைகளில், வளைந்து நீண்ட கழுத்துடைய குடுவைகளிலே சாற்றைக் கொதிக்க வைத்தார். காற்றுப் புகுந்தும், தூசி கழுத்திலே தங்கினமையால் சாறு கெடவில்லை. கழுத்தை ஒடித்தபின் கெட்டது.

இதனால் நாட்டப்பட்டது யாதெனின், இன்று நாம் காணும் நுண்ணுயிர்களும் தம்மினத்தினின்றே வருகின்றன என்பதாம். ஆதியிலே முதலுயிர் எவ்வாறு உண்டாயிற்று என்பது தீர்ந்திலது. 1924இல் ஒபாரினும் 1929இல் ஆல்டேனும், ஆதிப் பூமியின் வாயுக்களிலும் நீரிலும் நிகழ்ந்த இரசாயன மாற்றங்களே அதற்கு வழியாயின என்றனர். 1953இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்திலே மில்லர் என்பவர் மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி என்பவற்றினூடே மின்பொறியைப் பாய்ச்ச, ஒரு வாரத்துள் அமினோ அமிலங்கள் உண்டாயின. ஆதிப் பூமியின் வாயுமண்டலம் அத்தகையதோ என்பது பின்னர் ஐயுறப்பட்டது. இன்றும் ஆராய்ச்சி நடைபெறுகின்றது. எனினும் வெறுஞ் சடப்பொருள்களைக் கூட்டி உயிருள்ள கலமொன்றை இதுகாறும் ஆக்கினார் எவருமில்லர்.

இவ்விடத்து நம்மவருட் சிலர், "பாஸ்டரே கடவுளை நாட்டிவிட்டார்" என்று மகிழ்வர். அம்மகிழ்ச்சி அபாயமுடையது. பிறர் இன்னுஞ் செய்து முடியாத ஒன்றின்மேல் எழுப்பிய நம்பிக்கை, அவர் அதனைச் செய்து முடிக்கும் நாளிலே இடிந்து வீழும். அன்று மாணவன் ஆசிரியரையும் நம்பான், சமயத்தையும் நம்பான்.

உண்மையில் இம்மயக்கம் 'உயிர்' என்னுஞ் சொல் இருபொருள் படுதலால் வந்தது. உண்ணல், வளர்தல், இனம் பெருக்கல் முதலிய தொழில்களையே விஞ்ஞானி உயிர் என்பன். சித்தாந்திக்கோ உயிராவது அறியுந் தன்மையுடைய பசு. அது அநாதி, இறைவனாலும் படைக்கப்பட்டதன்று. படைக்கப்படுவன தனு கரண புவன போகங்களே. அவை சடமாகிய மாயையின் காரியங்கள். பிராணவாயுவும் அவ்வாறே சடம். ஆகவே, சடமாகிய உடம்பு சடத்தினின்றும் தோன்றும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. அது தோன்றிய படிமுறையையே விஞ்ஞானி தேடுகின்றான், தேடுக.

அற்றேல், அறிவும் அச்சடத்தினின்றே தோன்றிற்றென்றால் என்னையெனின், அது பழைய உலகாயதர் வாதம். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்புங் கூடியவழிச் செம்மை தோன்றுமாறுபோலப் பூதங்கள் கூடியவழி அறிவு தோன்றும் என்பர் அவர். அங்கே தோன்றிய செம்மை காணப்படும் பொருளேயன்றிக் காண்பானன்று. சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரமும் உடம்பு, பொறி, பிராணன் என்பவற்றின் வேறாக உயிருண்டெனச் சாதிக்கின்றது. ஆழ்ந்த துயிலிலே மூச்சு இயங்கவும் இன்ப துன்ப நுகர்ச்சி நிகழாமையை நோக்குக. மூச்சே அறிவாயின் அது கூடாது.

"தானே உண்டாயிற்று" என்பதற்கும் விடையுண்டு. குடம் வனையப்பட்ட முறையை முற்ற அறிந்தமையாற் குயவன் இல்லையாகான்.

இன்னும் ஒன்று. நால்வகைத் தோற்றத்துட் சுவேதசம் என்பதனைக் கற்பிக்கும்போது, பேன் வெயர்வையிற் பிறக்கும் என்று சொல்லி விடுதல் தகாது. பேன் ஈரினின்றும் பிறத்தலை எந்தப் பிள்ளையுங் கண்டறியும். அப்பாகுபாடு முன்னோர் தம் காட்சிக்கேற்ப வகுத்ததென்று ஆசிரியர் ஒளியாது கூறுக. வினைக்கீடாக உயிர் உடம்பெடுக்கும் என்னும் உண்மை அதனாற் சிறிதுங் குறைவுறாது.

ஆதலின் ஆசிரியர்காள், சோதனைக்கூடத்திற் காட்டப்பட்டதை மறையாதும், காட்டப்படாததைக் காட்டப்பட்டதாகக் கூறாதும் கற்பிப்பீர்களாக. மெய்யை அஞ்சும் சமயம் சைவமன்று. அறியப்படும் பொருளை எத்துணை நுணுகி ஆராயினும், அறிபவன் யாரென்னும் வினா எஞ்சி நிற்கும். அவ்வினாவை மாணவன் உள்ளத்தில் எழுப்புதலே நும் கடன்.