இரண்டு ரிப்போர்ட், ஓர் உடம்பு

1947இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுக்காக, காசநோயைக் கண்டறிய எடுத்த மார்பு எக்ஸ்ரே படங்களை ஐந்து மருத்துவர்கள் தனித்தனியே படித்தார்கள். நோய் இருப்பதாகக் குறிக்கப்பட்ட படங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்கவில்லை. அதே படங்களைப் பிறகு மறுபடி கொடுத்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் தாங்கள் முன்பு சொன்னதையே மாற்றிச் சொன்னார்கள். இத்தனைக்கும் எல்லோரும் அனுபவசாலிகள்.

ஒரு ரிப்போர்ட் ‘கட்டி போலிருக்கிறது’ என்கிறது. இன்னொன்று ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்கிறது. நோயாளி எதை நம்புவார்? மூன்றாமவரிடம் காட்டிப் பெரும்பான்மை பார்ப்பதா?

ஸ்கேன் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே யூத அறிஞர்கள் இந்தச் சிக்கலை எதிர்கொண்டார்கள். யோம் கிப்பூர் நாளில் உண்ணாநோன்பு கட்டாயம். நோயாளி சாப்பிட்டாக வேண்டுமா என்பதில் மருத்துவர்கள் முரண்பட்டால் என்ன செய்வது? 1565இல் வெனிஸில் அச்சான ‘ஷுல்ஹான் அரூக்’ என்ற சட்ட நூல், பழைய யூதச் சட்டத் தொகுப்பான தல்மூதை ஒட்டி விடை தருகிறது: வேண்டும் என்று இருவர் சொன்னால், வேண்டாம் என்று நூறு பேர் சொன்னாலும் ஊட்ட வேண்டும். எல்லா மருத்துவர்களும் மறுத்தாலும், தனக்கு உணவு வேண்டும் என்று நோயாளி சொன்னால் அவர் சொல்லே செல்லும். உயிருக்கு ஆபத்தோ என்ற ஐயம் எழுந்துவிட்டால் அங்கே தலை எண்ணுவதில்லை.

அப்படியானால் ஆபத்து என்று சொல்பவர் பக்கமே எப்போதும் சாய வேண்டுமா?

தென்கொரியாவின் அனுபவம் வேறு. 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபின், கொஞ்சம் கூடுதல் பணம் கட்டிக் கழுத்துக்கும் அல்ட்ராசவுண்ட் எடுக்கும் வழக்கம் பரவியது. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993ஐவிடச் சுமார் 15 மடங்கு. அந்நோயால் இறந்தவர்களின் விகிதமோ மாறவே இல்லை. ஏராளமானோர் தைராய்டைப் பறிகொடுத்து, ஆயுள் முழுக்க மாத்திரைக்கு ஆளானார்கள்.

நோன்பு நாளில் தவறாக ஊட்டிய ஒரு கவளம் பெரிய கேடில்லை. ஊட்டாமல் விட்டால் உயிரே போகலாம். வெட்டியெடுத்த சுரப்பியோ திரும்ப வராது. அந்த யூதச் சட்டம் எடைபோட்டது எந்தத் தவறைத் திருத்த முடியாது என்பதைத்தான். சில மாதம் பொறுத்து மறு ஸ்கேன் எடுக்கக்கூடிய கட்டிக்கு ஒரு முடிவு, சில மணி நேரத்திலேயே மூளையைச் சேதப்படுத்தும் இரத்த உறைவுக்கு வேறு முடிவு என்பது இதனால்தான்.

எனவே இரண்டாவது மருத்துவரிடம் போகிறவர் ரிப்போர்ட்டோடு நிற்காமல் படங்களையும் சிடியில் கொண்டுபோவது நல்லது. முதல் ரிப்போர்ட்டைப் பார்க்குமுன் அந்த மருத்துவர் படங்களைப் படித்தால் இன்னும் நல்லது. பிறகு இரு மருத்துவர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: “உங்கள் கணிப்பு தவறாக இருந்தால் எனக்கு என்ன நேரும், அதை அப்புறம் சரிசெய்ய முடியுமா?” அவர்களும் நோயாளியிடம் ஒன்று கேட்டாக வேண்டும்: காத்திருப்பதன் கவலை, அறுவையின் இழப்பு, இவற்றில் எதை அவரால் தாங்க முடியும்?