வெடித்த பிறகு

வேலியோரத்து ஆமணக்கு தை வெயிலில் வெடிக்கிறது. ஆள் நடமாட்டமில்லாத மதியத்தில் ‘டப்’பென்று ஒரு சத்தம். அடுத்து, சருகில் கொட்டமுத்து விழும் சத்தம். காய்க்குள் மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. தோடு காய்ந்து முறுக்கிக்கொள்ள, பொருத்து விட்டுப்போய் விதை தெறிக்கிறது. மிஞ்சினால் சில கஜம். காட்டில் விதைக்கும் ரகங்கள் இப்படிச் சிதறுவதில்லை. சிதறாத காயைத்தான் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். வேலியில் தானாக நிற்பதுதான் பழைய பழக்கத்தை விடவில்லை.

விழுந்த விதையின் நுனியில் வெளிர் நிறக் குமிழ் ஒன்று உண்டு. அது எறும்புக்கு. இழுத்துப்போய்க் குமிழை மட்டும் தின்றுவிட்டு, நஞ்சுள்ள பருப்பைத் தொடாமல் குப்பையோடு ஒதுக்கிவிடும். அந்தக் குப்பை பெரும்பாலும் சுற்றியுள்ள மண்ணைவிடச் சத்தானது. போன தூரம் கொஞ்சம்தான்; சேர்ந்த இடம் நல்ல இடம். விதை பரவுவது என்றதும் நாம் தூரத்தையே அளக்கிறோம்.

*

வெள்வேல மரத்தடியில் உதிரும் நெற்றை மேச்சேரி ஆடுகள் தேடித் தின்னும். தோல் கெட்டியான விதைகளில் கொஞ்சம் அரைபடாமல் வயிற்றைக் கடந்து, பட்டி போட்ட காட்டில் புழுக்கையோடு விழும். முளைத்த கன்றைக் கடிப்பதும் அதே வாய்தான். முள் வரும்வரை தப்பியது மரமாகும்.

*

பனம்பழம் ஆடி, ஆவணியில் தொப்பென்று மரத்தடியிலேயே விழுகிறது. ஆப்பிரிக்காவில் இதன் உறவுப் பனையின் பழத்தை யானை விழுங்கிக் கொண்டுபோகிறது. மோகனூர்ப் பக்கத்து வரப்புகளில் ஆள்தான் கொட்டையைக் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும்.

கொட்டையிலிருந்து முதலில் வருவது வேருமல்ல, ஓலையுமல்ல. குழல் போன்ற ஒரு தண்டு, கருவை நுனியில் சுமந்துகொண்டு நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. ஆழத்தில்தான் வேரும் குருத்தும் பிரிகின்றன. கொட்டைக்குள்ளே, சிறுவர்கள் வெட்டித் தின்னும் அந்த இனிப்பு வெண்பஞ்சு, கெட்டிப் பருப்பைக் கரைத்துக் கீழே அனுப்பும் வேலையில் இருக்கிறது. அந்தச் சத்து திரண்டதுதான் பொங்கலுக்குத் தோண்டும் கிழங்கு. மேலே ஒரு பச்சைகூடத் தெரியாத மாதங்கள் அவை. தீயும் ஆடும் எட்டாத ஆழத்தில் குருத்தைப் பத்திரப்படுத்திய பிறகுதான் ஓலை விரிகிறது. பாளை விட 15 ஆண்டு போல ஆகும். அவசரமில்லாத மரம் என்பார்கள். எனக்கென்னவோ, கீழே போவதில் அதற்கு அவசரம் அதிகம் என்றே படுகிறது.

*

ராசிபுரம் பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காடுகளுக்கு விதையே வேண்டாம். குச்சியை நறுக்கி நட்டால் போதும். சேகோ ஆலைக்குப் போகும் கிழங்கெல்லாம் அப்படி விளைந்ததுதான். ஆனால் இதுவும் ஆமணக்கும் ஒரே தாவரக் குடும்பம். ஏத்தாப்பூரில் இரண்டுக்கும் சேர்த்தே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பூத்துக் காய்க்க விட்டால் இதற்கும் மூன்று விதை, அதே வெடிப்பு, அதே குமிழ். கயானாவின் மக்குஷி உழவர்கள், இப்படித் தானாக முளைத்த கன்றைப் பிடுங்காமல் வளரவிட்டு, கிழங்கு பிடித்துப்போனால் அதன் குச்சியையும் அடுத்த நடவில் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் காட்டில் அப்படியொன்று தலைகாட்டினால் களைவெட்டிலேயே போய்விடும்.