கழுவினால் போகுமா?

இராஜபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே, மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில், உழவர் ஒருவரின் தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். விடைபெறும் வேளையில் நமக்கென்று கத்தரிக்காய் பறித்துத் தந்தார். பரந்து கிடந்த வயலை விட்டுவிட்டு, கிணற்றடியில் இருந்த சிறு பாத்தியிலிருந்தே பறித்தார். காரணம் கேட்டோம். "அது சந்தைக்குப் போறது ஐயா, நேத்துதான் மருந்தடிச்சோம். இது வீட்டுக்கு" என்றார்.

அவரைக் குறைகூற நமக்குத் தகுதி உண்டா? காய்த்துளைப்பான் புழு துளைத்த காயை ஒதுக்கிவிட்டு, பளபளப்பான காயையே பொறுக்குகிறவர்கள் நாம்தாமே! துளை விழுந்த காய்க்கு விலை இல்லை என்று அவருக்குக் கற்பித்ததும் நாமே.

வாங்கி வந்த காயை மும்முறை கழுவுகிறோம். உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் ஊறவைக்கிறோம். நல்ல பழக்கமே. ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால் மண் போகும், கிருமிகள் குறையும், மேலே படிந்த நஞ்சிலும் ஒரு பகுதி நீங்கும். ஆனால், செடியின் சாற்றோடு கலந்து காயினுள் ஊடுருவிய நஞ்சைத் தண்ணீர் என்ன செய்யும்? அவ்வாறு ஊடுருவும் நஞ்சுகளுள் ஒன்று மோனோகுரோட்டோபாஸ். காய்கறிகளுக்கு அதனைத் தெளிக்கலாகாதென நடுவண் அரசு 2005 ஆம் ஆண்டில் தடை விதித்தது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது அதே நஞ்சே.

இதற்கு நாம் இட்டு வழங்கும் பெயரோ 'மருந்து'! பெயரைக் கழுவிவிட்டால் பொருளும் தூய்மையாகிவிடும் என்று எண்ணினோம் போலும்.

கழுவாத கையோடு உண்டார்கள் எனச் சீடர்மேல் பரிசேயர் குற்றம் சுமத்தியதை மாற்கு நற்செய்தியின் 7 ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மனிதரைத் தீட்டுப்படுத்துவது உள்ளே செல்வதன்று, உள்ளத்திலிருந்து வெளிவருவதே என ஆண்டவர் அங்கு உணர்த்துகிறார். உள்ளே செல்லும் நஞ்சு உடலைக் கெடுக்காதா என்று நாம் கேட்கலாம். கெடுக்கும். ஆயினும், காயினுள் புகுமுன் அந்த நஞ்சு மனித உள்ளங்களிலிருந்து வெளிவந்ததன்றோ? விற்பவரின் அச்சத்திலிருந்தும், வாங்கும் நமது ஆசையிலிருந்தும் அது பிறந்தது. அதனை முதலில் மூச்சில் வாங்குகிறவரோ தெளிக்கும் கூலியாள்!

வீட்டுத் தோட்டம் போட்டுத் தப்பிக்கலாமே என்பார் உளர். போடுவோம். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தால் பூச்சிகள் கட்டுப்படும். வாடித் தொங்கும் நுனித்தண்டுகளைக் கிள்ளி அழித்தால் துளைப்பான் குறையும். அசுவினியைப் பொறிவண்டு தின்றுவிடும். அதனைக் கொல்லாதிருந்தால் போதும். ஆனால், நம் தட்டு மட்டும் தூய்மையானால் அமையும் என்று இருந்துவிட்டால், நாமும் கிணற்றடியில் தனிப்பாத்தி போட்டவர்களே ஆவோம்.

ஆகவே, அடுத்த முறை சந்தையில் துளை விழுந்த காயை ஒதுக்காது, நல்ல விலை கொடுத்தே வாங்குவோம். புழு தின்ற பகுதியை அரிந்தெறியக் கத்தி போதும். பிறர் உண்பதை வேறாகவும் நாம் உண்பதை வேறாகவும் விளைவிக்கும் நெஞ்சத்தைக் கழுவவோ, மனமாற்றம் ஒன்றே வேண்டும்.