உயிர்க்கடன்

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றிற் சைவசமயம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் கொல்லாமையென்னும் பாடத்தை நடாத்திக்கொண்டிருந்தார். அப்பொழுது மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் அக்காவுக்கு இருதயத்தில் வருத்தம். மாதந்தோறும் பதுளைக்குக் கூட்டிப்போய்ப் பெனிசிலின் ஊசி போடுகிறோம். அந்த மருந்தை எலிகளைச் சாகவிட்டுத்தான் கண்டுபிடித்தார்களாம். அப்படியானால் ஊசி போடுவது பாவமா?" என்று வினாவினான். ஆசிரியர் உடனே விடை கூறமாட்டாது அவ்வினாவை எமக்கு எழுதியனுப்பினார். இஃது ஒரு சிறுவனின் வினாவேயாயினும், கொல்லாமையைப் போதிக்கும் நாம் அனைவரும் விடை காணவேண்டியதொன்றாம்.

முதற்கண் அந்நோயின் இயல்பை அறிவோமாக. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி இடநெருக்கமுள்ள வீடுகளில் எளிதிற் பரவும். ஓரறையிற் பலர் உறங்கும் லயங்கள் அதற்கு வாய்ப்பான இடங்கள். புண் ஆறி இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின், சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும், ஒரு மூட்டினின்று மற்றொரு மூட்டுக்கு மாறிச்செல்லும் வலியும் தோன்றும். இதனை வாதக்காய்ச்சல் என்பர். மூட்டுவலி நீங்கிவிடும், இருதயத்தின் வால்வுகளுக்கு நேர்ந்த ஊறோ நிலைத்துவிடுதலும் உண்டு. காய்ச்சல் மீண்டும் மீண்டும் வருமாயின் வால்வுகள் தடித்துச் சுருங்கும். காலப்போக்கில் இருதயம் இரத்தத்தைச் செலுத்தமாட்டாது தளரும். கொழுந்துக் கூடையோடு மலையேறும் இளம்பெண்ணுக்கு மூச்சு முட்டுவதும் கால் வீங்குவதும் அத்தளர்ச்சியின் குறிகளாகலாம்.

கிருமி தொண்டையில் இருக்க, இருதயம் கெடுவது யாங்ஙனம்? அக்கிருமியின் மேற்புறத்தே எம்-புரதம் என்பதொன்று உண்டு. அதன் அமைப்பில் ஒரு பகுதி நம் இருதயத் தசையிலுள்ள மயோசின் என்னும் புரதத்தை ஒத்திருக்கின்றது. ஆகலின், கிருமியை எதிர்க்க உடல் ஆக்கிய காவற்பொருள்கள் தம்மவரைப் பகைவரென மயங்கி இருதயத்தையே தாக்குகின்றன. 2001 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், லூயிஸ் என்னும் இனத்து எலிகளுக்கு அப்புரதத்தைச் செலுத்தினர். உயிருள்ள கிருமி புகாமலே அவற்றுட் சிலவற்றின் வால்வுகள் அழற்சியுற்றன.

பெனிசிலினின் வரலாறும் இத்தகையதே. 1940 மே 25 ஆம் நாள், ஒக்ஸ்போர்ட்டில் புளோரி என்பாரும் அவர் துணைவரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை 8 சுண்டெலிகளுக்கு, உயிர்போக்கும் அளவிற் செலுத்தினர். நான்கிற்கு மருந்தும் அளித்தனர். மருந்து பெறாத நான்கும் விடியுமுன் மடிந்தன. பெற்ற நான்கும் மறுநாள் உயிரோடிருந்தன. பதுளையில் ஏற்றப்படும் ஊசிக்கும் அவ்விரவுக்கும் உள்ள தொடர்பு இதுவே. சிறுவன் கேள்வியுற்றது பொய்யன்று.

விலங்குகள் மனிதன் பொருட்டே படைக்கப்பட்டன, ஆகலின் இதிற் குற்றமில்லை என்பார் ஒருசாரார். அது பொருந்தாது. என்னை? எலியின் உடல் நம் உடலை ஒவ்வாதாயின், அதனை ஆராய்தலாற் பயனில்லை. ஒக்குமாயின், அதன் அச்சமும் நோவும் மாத்திரம் நம்முடையவற்றை ஒவ்வாவென்பது எவ்வாறு? ஆராய்ச்சிக்கூடத்தில் உறவு கொண்டாடிவிட்டு, அறத்தின்முன் அவ்வுறவை மறுத்தல் நேர்மையன்று.

அற்றேல், அம்மருந்தையே விலக்குவோம் எனின், அதுவும் பொருந்தாது. 1940 இல் மடிந்த சுண்டெலிகள் நம் மறுப்பினால் மீளமாட்டா. இங்கே ஒரு பெண்பிள்ளையின் இருதயமே கெடும். தன் நெஞ்சு நலமாயிருப்பவன் பிறர் பிள்ளையின் மருந்தை விலக்கித் தன் நோன்பைக் காத்தல் ஜீவகாருணியம் ஆகாது.

இனி, விலங்குகள் படும் துன்பம் யாவும் அறிவு தரும் என்று கொள்ளுதலும் தவறு. இருதயத் தசையிற் கால்சியத்தின் போக்கை அடக்கும் பொஸ்போலம்பான் என்னும் புரதம் ஒன்றுண்டு. 1999 இல், இருதயம் தளரும் இயல்புடைய சுண்டெலிகளில் அப்புரதம் இல்லாதவாறு செய்ய, அவை அத்தளர்ச்சியினின்று காக்கப்பட்டன. பிறவியிலேயே அப்புரதம் இல்லாத மனிதரைப் பற்றி 2003 இல் அறிஞர் வெளியிட்டபோதோ, அவர்தம் இருதயம் இளமையிலேயே தளர்ந்தமை தெரியவந்தது. நிமிடத்துக்கு 500 முறைக்கு மேலும் துடிக்கும் இருதயத்துக்கு நலமாவது, 70 முறை துடிக்கும் இருதயத்துக்குத் தீதாதலும் கூடும். ஆகலின், வேறு வழி உண்டா, எண்ணிக்கையைக் குறைக்கலாமா, நோவைத் தணிக்கலாமா என்னும் மூன்று வினாக்களை ஆராய்ச்சியாளர் ஒவ்வொரு முறையும் தம்மைக் கேட்டல் வேண்டும். றசல், பேர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1959 இல் இவற்றை நெறியாக வகுத்தனர். புதிய மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைக் கட்டாயமாக்கிய சட்டத்தை அமெரிக்கா 2022 இறுதியில் தளர்த்தியது. மனித உயிரணுக்களினின்று வளர்த்த இருதயத் தசையிலும் இன்று ஆராய்கின்றனர்.

எனவே, அம்மாணாக்கனுக்கு நாம் கூறும் விடை இது: ஊசி ஏற்றுதல் பாவமன்று. ஆயினும், அது பிற உயிர்களிடத்து நாம் பட்ட கடன். கடன்பட்டவன் அதனைத் தன் உரிமையென்று செருக்கலாகாது. வாங்கியதை வீணாக்கவும் ஆகாது.

வீணாதல் எவ்வாறெனின், கேண்மின். வாதக்காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பல ஆண்டுகள் இவ்வூசி வேண்டும். மூட்டுவலி தீர்ந்தவுடன் நோயே தீர்ந்ததென்று பெற்றோர் எண்ணிவிடுதல் இயல்பு. லுணுகலையிலோ மடுல்சீமையிலோ உள்ள தாய், பிள்ளையோடு பதுளைக்குச் சென்றுவர ஒருநாட் சம்பளத்தை இழக்கின்றாள். ஒருமுறை தவறும், பின்னர் மறுமுறையும் தவறும். அப்பிள்ளையைப் பொறுத்தவரை அந்த நான்கு சுண்டெலிகளும் வீணே மடிந்தன.

ஆசிரியர்களே! தொண்டைப் புண்ணோடும் காய்ச்சலோடும் வரும் பிள்ளையை வைத்தியரிடம் அனுப்புவது உங்களால் இயலும். ஊசிக்குரிய நாளை வரவு இடாப்பின் ஓரத்திற் குறித்துவைத்து, முதல்நாளே நினைவூட்டுவதும் இயலும். அன்றைக்கு வராத பிள்ளையைக் கடியாதிருத்தலும் இயலும். கொல்லாமைப் பாடத்தின் செயன்முறை இதுவென்று கொள்க.

எலிக்காக இரங்கிய அச்சிறுவனின் உள்ளத்தை ஒரு விடையால் அடைத்துவிடாதீர்கள். அவன் நாளை ஓர் ஆராய்ச்சிக்கூடத்திற் பணிபுரிதலும் கூடும்; அன்று அவ்விரக்கம் அவனுக்கு வேண்டும். அவ்வினா அவனிடத்தே இருக்கட்டும். அவன் அக்காவின் ஊசிநாள் தவறாதிருக்கட்டும்.