மழைநாளில் மலையேறுதல் அறமாகுமா?

நம் திருத்தலங்களுட் பல மலைமேல் அமைந்தவை. வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையில் குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகளை வணங்குகிறோம். போளூரை அடுத்த திருமலையில் நேமிநாத சுவாமியின் நெடிய திருவுருவைக் கண்டு உருகுகிறோம். சித்தன்னவாசலும் கழுகுமலையும் முன்னோர் தவத்தால் தூய்மை பெற்ற குன்றுகள். ஆதலின் மலையேறுதல் நமக்கு வழிபாட்டின் ஒரு கூறாகவே இருந்து வருகிறது. எனினும், வானம் மூடி, தூறல் ஓயாது, மேகம் தாழ்ந்து பாதையை மறைக்கும் ஒரு நாளில், ஓர் இல்லறத்தார் தன்னந்தனியே மலையேறப் புகுவாராயின் அச்செயல் அறத்தின்பாற் படுமா? கொல்லாமை என்னும் தலையாய அறத்தை நாம் எவ்வாறு பொருள்கொள்கிறோம் என்பதை இவ்வினா சோதித்துப் பார்க்கிறது.

துறவியர் திறத்தில் விடை தெளிவானது. ஏனைய காலங்களில் ஓரிடத்து நிலையாது நடந்து செல்லும் முனிவர், மழைக்காலம் நான்கு திங்களும் ஓரிடத்தே தங்கிவிடுவர். இதனைச் சாதுர்மாஸ்யம் என்றும் வர்ஷாயோகம் என்றும் வழங்குவர். ஈரம் பட்ட மண்ணில் புல் முளைக்கிறது; கல்லில் பாசி படர்கிறது; மண்புழு மேலெழுகிறது; நத்தை ஊர்கிறது; எறும்பு தன் முட்டைகளைச் சுமந்து இடம் பெயர்கிறது. ஓரறிவுயிராகிய பாசி முதல் ஐயறிவுயிராகிய தவளை ஈறாக எண்ணிறந்த உயிர்கள் ஒரே வழியில் நெருங்கி வாழும் காலம் அது. பலர் மிதித்தும் வெயில் காய்ந்தும் உயிர் நீங்கிய கோடைப் பாதை, ஒரே மழையில் உயிர்கள் நிறைந்ததாகி விடுகிறது. அதனை அஞ்சியே முனிவர் நடையை நிறுத்தினர்.

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் முனிவர் உறைந்த குகைத்தளங்களை இன்றும் காணலாம். மழைநீர் உள்ளே வடியாதவாறு பாறையின் நெற்றியில் காடி வெட்டப்பட்டிருக்கும். அதன்கீழ்க் கற்படுக்கைகள் அமைந்திருக்கும். மாங்குளத்துத் தமிழ்ப்பிராமிக் கல்வெட்டுகள், கணிநந்தாசிரியன் என்னும் முனிவர்க்கு அறம் செய்தோரைக் குறிப்பிடுகின்றன. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும் அங்கு வருகிறது. முனிவர் மழையில் நடவாதிருக்க இல்லறத்தார் உளி கொண்டு துணைசெய்தனர் என்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்த சான்று இது.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. நான்கு திங்கள் என்னும் கணக்கு, ஆஷாட மாதத்து வளர்பிறைப் பதினான்காம் நாளை ஒட்டித் தொடங்கி, மகாவீரர் பாவாபுரியில் முக்தி எய்திய தீபாவளி நாளை ஒட்டி நிறைவுறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்யும் மகதநாட்டிற்கு இக்கணக்கு நன்கு பொருந்தும். தமிழகத்திலோ வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. மழைக்கால யோகம் நிறைவுறும் நாளில்தான் நம் ஊர்களில் அடைமழை வலுக்கிறது. தீபாவளி கழிந்தமையால் மலைவழி நடத்தற்குரியதாகி விட்டது எனலாமா? மண்புழு பஞ்சாங்கம் அறியாது. விதி உயிர்களைக் காக்கவே வகுக்கப்பட்டது. நாள்கணக்கு அதற்கு ஒரு கருவியே. மழை நீடிப்பின் முனிவர் தம் தங்குதலையும் நீட்டித்துக்கொள்ள இடமிருப்பது இக்கருத்தினால்தான்.

"இவ்விதி துறவியர்க்கன்றோ? இல்லறத்தார்க்கு ஏது?" எனச் சிலர் வினவலாம். உண்மையே. நம் குடும்பங்கள் பெரும்பாலும் உழவுக் குடும்பங்கள். மழை பெய்தால்தான் வயலில் இறங்க வேண்டும். நடவாது இருத்தல் இயலாது. அதனால்தான் இல்லறத்தார்க்கு மகாவிரதம் கூறாது அணுவிரதம் கூறினர். ஆயினும் அவர்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்ததண்ட விரதம் என ஒன்றுண்டு. பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குவது அது. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றி மண்ணைக் கிளறுதல், நீரைக் கலக்குதல், செடி கொடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு வீணே திரிதலையும் சேர்த்துக் கூறினார். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பைக் கற்றோர் இதனை அறிவர். ஆகவே மழையில் மலையேறுவார் முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா, "எதற்காகப் போகிறேன்?" என்பதாகும். திருவடிகளை வணங்கப் போவது வேறு. மேகத்தில் நனையும் இன்பத்துக்காகப் போவது வேறு.

நோக்கம் தூயதாயின் அதுவே போதுமோ எனின், போதாது. கவனமின்மையால் உயிரைப் போக்குதலே இம்சை எனத் தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் வகுத்தது. பொன்னூர் மலையில் நாம் வணங்கும் குந்தகுந்தரே தம் பிரவசனசாரத்தில் இதனை மேலும் விளக்கினார். கவனமின்றி ஒழுகுவார்க்கு உயிர் இறப்பினும் இறவாவிடினும் இம்சை உண்டு. சமிதிகளைப் பேணி நடப்பார்க்கு, தம்மையறியாது நேர்ந்த இறப்பினால் மட்டும் வினைக்கட்டு இல்லை என்பது அவர் துணிபு. அவர் திருவடியை நாடி ஏறும் வழியிலேயே அவர் உபதேசம் நம் காலடியில் சோதிக்கப்படுகிறது.

இவ்வுபதேசத்தைச் சிலர் தமக்கு எளிதாக வளைத்துக்கொள்வர். "கவனமாக நடக்கிறேன், ஆதலின் எங்கும் எப்போதும் செல்லலாம்" என்பர். கவனம் என்பது கால் எடுத்து வைக்கும்போது தொடங்குவதன்று; புறப்படலாமா எனத் துணியும்போதே தொடங்குவது. கவனம் செலுத்த இயலாத வழியைத் தெரிந்தே மேற்கொண்டவர், பின்னர்க் கவனமாக நடந்தேன் என்று கூறுதல் பொருந்தாது.

தனிமை இச்சோதனையைக் கடுமையாக்குகிறது, எளிதாக்கவும் செய்கிறது. கூட்டத்தோடு ஏறுவோர் முன்செல்வார் முதுகையும் உடன்வருவார் பேச்சையும் நோக்குவரேயன்றி நிலத்தை நோக்குவது அரிது. தனியே செல்பவர்க்கு அவ்விடையூறு இல்லை. பிறப்பதும் இறப்பதும் வினைப்பயன் நுகர்வதும் தனியே என்னும் ஏகத்துவ பாவனைக்கு அவ்வழி உகந்தது. ஆனால் மேகம் மூடிய மலையில் தனித்தவரைக் காண்பார் ஒருவரும் இலர். நத்தையைத் தாண்டிச் சென்றாரா, மிதித்துச் சென்றாரா என்பதற்குச் சான்று அவர் நெஞ்சமே. பிறர் காணாதவிடத்தும் நிற்கும் விரதமே விரதமாம்.

முனிவர்க்குரிய ஈரியா சமிதி, பகலொளியில் நான்கு முழத் தொலைவு நோக்கி நடக்கச் சொல்கிறது. மேகம் தொலைக்காட்சிகளை மறைத்துவிடினும் இந்நான்கு முழத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். அதுவரையில் மெல்ல நடக்கலாம்; பாசி படர்ந்த படியை விலக்கி வெறுங்கல்லில் கால் வைக்கலாம். அந்நான்கு முழமும் தெரியாதபோது, அல்லது படிகளில் நீர் புரண்டு அடிவைக்குமிடம் காணாதபோது, நின்றுவிடுதலே கடன். ஒதுங்க இடமிருப்பின் அங்கு அமர்ந்து பஞ்ச நமஸ்காரம் செபிக்கலாம். மழை விடாதாயின் திரும்பலாம். வழுக்கி வீழ்ந்தால் அழிவது தம் உடலும், இல்லத்தில் காத்திருப்போர் அமைதியும் ஆதலின், தனியே செல்வார் தாம் செல்லுமிடத்தை வீட்டாரிடம் கூறிச் செல்லுதலும் அறமே.

பாதிவழியில் திரும்பியவர் திருவடிகளைக் காணவில்லையே என வருந்துதல் வேண்டா. நடையை நிறுத்தியவர்களின் கற்படுக்கைகளை நாம் வணங்குகிறோம். அவர்களைப் போல ஒரு நாழிகை நின்றவரும், உயிர்களுக்காக இறங்கி வந்தவரும் அவ்வழிபாட்டையே செய்தவராவர். மலை அங்கேயே இருக்கும். தை பிறந்து வழி உலர்ந்தபின் மீண்டும் ஏறலாம்.

வாழ்க அருகன் அறம்!