நின்றதற்கு யாரிடம் கணக்குச் சொல்வது?

ஒரு பெண் தன் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பும்போது முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்பதுதான். நேர்காணல் மேசையில் கேட்கிறார்கள். இலக்கியக் கூட்டங்களிலும் கேட்கிறார்கள். அக்கறையாகக் கேட்பதுபோலத் தோன்றினாலும் அதில் கடன் கொடுத்தவரின் குரல் ஒளிந்திருக்கிறது. நின்றுபோன ஆண்டுகள் ஒரு பெண் அடைத்தே ஆகவேண்டிய கடன்தானா? எனக்குப் பிடித்த ஓர் அமெரிக்க ராக் இசைக்குழுவை வைத்து இதை யோசித்துப் பார்க்கிறேன்.

ஸ்லேட்டர்-கின்னி, வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரில் 1994இல் உருவான குழு. ரயட் கேர்ள் என்ற பெண்ணியப் பங்க் இயக்கம் வேர்விட்ட ஊர் அது. இசை நிகழ்ச்சியில் ஒரு பெண் இடிபடாமல் மேடைக்கு முன்னால் நிற்பதையே உரிமையாகக் கேட்டுப் பெற வேண்டியிருந்த காலம். கோரின் டக்கரும் கேரி பிரவுன்ஸ்டீனும் கிட்டார் வாசித்துப் பாடினார்கள். 1996இல் ஜேனட் வைஸ் டிரம்ஸ் வாசிக்க வந்து சேர்ந்தார். ராக் குழுக்களில் வழக்கமாக அடித்தளமாக இருக்கும் பேஸ் கிட்டார் இவர்களிடம் இல்லை. இரண்டு கிட்டார்களும் சுருதியைத் தாழ்த்திக்கொண்டு, ஒன்றையொன்று பின்னியபடி போகும். ஒருவர் கையை எடுத்தால் பாட்டு சரிந்துவிடும். மூவரும் சமம் என்பது இவர்களுடைய இசையின் கட்டுமானத்திலேயே இருந்தது.

2005இல் ஏழாவது ஆல்பம் 'தி வுட்ஸ்' பெரும் பாராட்டைப் பெற்றது. அடுத்த ஆண்டே, 2006 ஆகஸ்டில் போர்ட்லேண்டில் கடைசி நிகழ்ச்சியை நடத்திவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ஓயாத பயணங்களில் தன் உடலும் மனமும் நொறுங்கியதைப் பிரவுன்ஸ்டீன் பிற்பாடு நினைவு நூலாக எழுதினார். டக்கருக்கு வீட்டில் சிறு குழந்தை இருந்தது. புகழின் உச்சியில் யாராவது நிறுத்துவார்களா என்று ரசிகர்கள் வருந்தினார்கள். 2015 ஜனவரியில் 'நோ சிட்டீஸ் டு லவ்' வெளியானது. பத்துப் பாடல்கள், அரைமணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். 'மீண்டு வந்தார்கள்' என்று எல்லோரும் எழுதினார்கள்.

எங்கிருந்து மீண்டார்கள்? இடைப்பட்ட ஆண்டுகளில் டக்கர் இரண்டாவது குழந்தையைப் பெற்றார், வேறொரு குழுவோடு பாடினார். பிரவுன்ஸ்டீன் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் எழுதி நடித்தார். வைஸ் பல குழுக்களில் வாசித்துக்கொண்டே இருந்தார். மேடைதான் வீடு, மற்றதெல்லாம் வனவாசம் என்று நினைப்பவர்களுக்குத்தான் இது 'மீட்சி'. பிள்ளை வளர்ப்பதும் நோயிலிருந்து தேறுவதும் அவர்களுடைய கணக்கில் வெற்றிடம்.

அமெரிக்க எழுத்தாளர் டில்லி ஓல்சன், நான்கு பெண்களை வளர்த்தபடி, கூலி வேலையும் பார்த்தபடி, பல ஆண்டுகள் எழுத முடியாமல் இருந்தவர். 1978இல் வெளியான 'சைலன்சஸ்' நூலில் அவர் இருவகை மௌனங்களைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, படைப்புக்குத் தேவையான இயல்பான மௌனம். மற்றொன்று, பிறக்கத் துடிப்பதைப் பிறக்கவிடாமல் சூழ்நிலை நெரித்த மௌனம். நம் உழவர்களுக்கு இது தெரியும். அடுத்த விளைச்சலுக்காக ஒரு போகம் நிலத்தைத் தரிசு போடுவது வேறு. வாய்க்காலை அடைத்ததால் நிலம் வெடித்துக் கிடப்பது வேறு. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வெற்று நிலமாகத் தெரியலாம்.

ஆனால் தரிசு போடுவதற்கு முதலில் நிலம் வேண்டும். குத்தகைக்கு உழுபவளால் ஒரு போகத்தைக்கூட விட முடியாது. ஸ்லேட்டர்-கின்னிக்கு நிலம் இருந்தது: ஏழு ஆல்பங்களின் பெயர், காத்திருந்த ரசிகர்கள், வெளியிட ஒரு நிறுவனம். இந்த ஆல்பத்தை நான் மதிப்பதற்குக் காரணம், அது இந்த வேறுபாட்டை மறைக்கவில்லை என்பதுதான். முதல் பாடலான 'பிரைஸ் டேக்', அவர்கள் மீண்டு வந்ததைக் கொண்டாடவில்லை. குறைந்த கூலிக்கு உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் ஒருத்தியின் வாழ்வையும், மலிவுப் பொருளுக்குப் பின்னால் யாரோ கொடுக்கும் விலையையும் பாடுகிறது. ஓய்வெடுக்க முடிந்தவர்கள் திரும்பி வந்து, ஓய்வே வாய்க்காதவளைப் பற்றி முதலில் பேசுகிறார்கள். மேடைக்கு வெளியே கழிந்த ஆண்டுகள் அந்தப் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

திரும்பியதும் எல்லாம் சரியாகிவிடுகிறது என்றும் சொல்ல முடியாது. 2019இல், அடுத்த ஆல்பம் வெளிவருவதற்குச் சற்றுமுன், வைஸ் குழுவைவிட்டு விலகினார். படைப்பில் தனக்கு இனிச் சம இடம் இல்லை என்று தெரிந்ததால் விலகியதாகப் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். மற்ற இருவருக்கும் அவர்கள் தரப்பு நியாயம் இருக்கும். எனக்கு உறுத்துவது இது: பெண்களே கட்டிய, சமத்துவத்தையே இசையாக்கிய குழுவிலும் பங்கு தானாக நிலைப்பதில்லை. போன இடத்தில் நமக்கு ஒரு நாற்காலி இருக்கலாம். அது பழைய நாற்காலிதானா என்று உட்காரும் முன் கேட்டே ஆகவேண்டும்.

என் மாணவிகளில் பலர் படிப்பை முடித்ததும் சில ஆண்டுகள் காணாமல்போகிறார்கள். திருமணம், பேறுகாலம், மாமனாரின் பக்கவாதம் என்று காரணங்கள் நீளும். பிறகு ஒருநாள், "அம்மா, இனிமே படிச்சா யாராவது மதிப்பாங்களா?" என்று தொலைபேசியில் தயங்குவார்கள். அவர்களுடைய ஆண்டுகளில் எது தரிசு, எது வாய்க்கால் அடைபட்ட நிலம் என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர்கள் யாருக்கும் கடன்படவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

கணக்குக் கேட்பதென்றால் எதிர்ப்பக்கம் இருப்பவர்களிடம் கேட்போம். அவள் இல்லாத ஆண்டுகளில் அவளுக்கென்று எதை வைத்திருந்தீர்கள்? அறுபட்ட இடத்திலிருந்து தொடர ஒரு வழியையா, ஓர் ஊதியத்தையா, சமமான ஒரு நாற்காலியையா? எதையுமே வைக்காதவர்களுக்கு, "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்க உரிமை ஏது?